விரலுக்கும் எட்டாம் கற்பனை உண்டு



கண்டிக்கு அண்மையிலுள்ள திகன, தெல்தெனியப் பகுதிகளில் 2018 மார்ச்சில் நடந்ததை நாம் மறக்கலாகாது. தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி இறந்ததைத் தொடர்ந்து, முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த நெருப்புக்குப் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிய வதந்திகள் எண்ணெய் வார்த்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் அவற்றை முடக்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அச்செய்திகளை அனுப்பிய விரல்கள் கேட்டனவா?

வதந்தி செய்யும் கொடுமையை 1983 ஆடியில் அனுபவித்தவர்கள் நாம். அன்று அது வாய்வழி பரவியது. இன்று கைத்தொலைபேசியில் பரவுகிறது. ஒருவர் பேசாததைப் பேசியதாகக் காட்டவும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. ஆகவே, “எனக்கு வந்தது, அனுப்பினேன்” என்பது வெறும் சாட்டு. பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கற்பனை நாவுக்கு மட்டுமல்ல, விரலுக்கும் உரியது.

பெற்றோரே, இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அது உண்மையா, அதனால் அயலவனுக்குத் தீங்கு வருமா என்று கேட்கப் பழக்குங்கள்.

பொய்யை அனுப்பிவிட்டீர்களா? அழித்துவிட்டால் போதாது. களவெடுத்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். அயலவனின் நற்பெயரும் அவனது சொத்தே. எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ, அத்தனை பேருக்கும் “நான் அனுப்பியது பொய்” என்று எழுதுங்கள். வெட்கமாயிருக்கும், ஆயினும் உண்மையான மனஸ்தாபம் அதுவே.