கைப்பிள்ளைக்காரிக்கு எதற்கு மலை?

எங்கள் அம்மாபேட்டையில் தறி ஓடும் வீடுகளில், தூளியில் கட்டிய கயிற்றின் நுனி பெரும்பாலும் தார் சுற்றுகிறவளின் கால் கட்டைவிரலில் இருக்கும். கை ராட்டையில், கால் தூளியில். பஞ்சுத் தூசி பறக்கும் அந்த அறையில் பச்சைக்குழந்தை தூங்கலாமா என்று எவரும் கேட்டு நான் வளரவில்லை. முடியிறக்குவதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழனியில் 693 படி ஏறுகிறவளையும் யாரும் தடுப்பதில்லை. வேலைக்கு என்றால் சரி, வேண்டுதலுக்கு என்றால் இன்னும் சரி. சும்மா பார்ப்பதற்கு, காற்று வாங்குவதற்கு என்று ஒரு தாய் சொன்னால்தான் குழந்தையின் உடம்பு எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

2012 மே மாதம் குடும்பமாக ஏற்காடு போனோம். மகளுக்கு எட்டு மாதம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அவள் தூங்கியே கடந்தாள். வாந்தி எடுத்தது பெரியவர்கள்தான். ஏரியில் படகு சுற்றி வந்ததும் மாமியாரும் நாத்தனாரும் கரையிலேயே மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மலை விளிம்புவரை நடந்து, லேடீஸ் சீட்டிலிருந்து கீழே சேலத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். "கைப்பிள்ளைய வெச்சிக்கிட்டு அங்க என்னத்துக்கும்மா? அவன் போய்ப் பாத்துட்டு வரட்டும், நீ இங்க உக்காரு." அன்பாகத்தான் சொன்னார்கள். பழைய பருத்திச் சேலையால் மகளை மார்போடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிரே வந்த ஒரு குடும்பம் நின்று, "இந்தக் காத்து குழந்தைக்கு ஆகுமா?" என்று என்னைக் கேட்டது. கொஞ்ச தூரத்தில் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அடுத்து வந்தவர்கள் அவரைப் பார்த்து, "பரவாயில்லீங்க, இந்தக் காலத்துல யாரு இப்படித் தூக்கறாங்க" என்றார்கள். அதே குழந்தை, அதே காற்று, இடையில் பத்து நிமிடம்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேலி செய்து ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. மலையைக் குழந்தை கேட்கவில்லை. நான் ரசிப்பதற்காக, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஓர் உயிரைப் பாறை விளிம்புக்குக் கொண்டுபோகலாமா? ஐந்து ரோட்டு நெரிசலில் அப்பாவின் வண்டியில், அம்மா மடியில், தலைக்கவசம் இல்லாமல் போகும் குழந்தையும் அதைக் கேட்கவில்லைதான்; அந்த ஆபத்து யார் கண்ணிலும் படுவதில்லை. ஆபத்து என்றால் அளந்து பார்க்கலாம். பாறை வழுக்குமா, காதை மூடியிருக்கிறோமா, பசிக்கும் நேரமா, எங்கே திரும்பிவிட வேண்டும். அளந்து முடித்த பிறகும் மிஞ்சும் அந்த முகச்சுளிப்பு ஆபத்தைப் பற்றியதல்ல, ஆசையைப் பற்றியது. என் கட்சி இதுதான்: குழந்தைக்கு ஒரு சின்ன அசௌகரியம் கொடுக்கத் தாயின் வேலை போதுமான காரணம் என்றால், அவளுடைய மகிழ்ச்சியும் போதுமான காரணம். பெரிய ஆபத்துக்கு இரண்டுமே போதாது.

வகுப்பில் திணை நடத்தும்போது இது வேறு விதமாக உறுத்தும். குறிஞ்சி புணர்தலின் நிலம். அங்கே தலைவி தினைப்புனம் காக்கிறாள், அருவியாடுகிறாள், தோழியோடு பேசுகிறாள். புதல்வன் வந்ததும் கவிதை பெரும்பாலும் மருதத்து வீட்டுக்கோ முல்லையின் மனைக்கோ இறங்கிவிடுகிறது, அவளும் இறங்கிவிடுகிறாள். ஓடிப்போன மகளைத் தேடிப் பாலை வழியில் போகிறவள்கூடச் செவிலிதான். பெற்றவள் வீட்டில் இருந்து புலம்புகிறாள். (இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "நற்றாய்க்குக் கால் இல்லையா மேடம்?" என்றாள். தேர்வில் கேட்கத் தகுந்த கேள்வி.)

இலக்கணத்தில் இல்லையே தவிர, குழந்தையோடு பெண்கள் மலையில் இல்லாமல் இல்லை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த வழியெல்லாம் கைக்குழந்தைகளை யார் சுமந்திருப்பார்கள்? 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. பிறகு காப்பிப் பழம் பறிக்கும் பெண்களும் அவர்களுடைய தூளிகளும். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் கேட்டது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அவ்வளவு பேர் இல்லாத தோட்டத்தில் மரக்கிளைதான் காப்பகம்.

லேடீஸ் சீட் என்பது இருக்கைபோல அமைந்த பாறை. வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி மாலை வேளைகளில் அங்கே உட்கார்ந்து பார்ப்பாளாம். கதையில் அவளுக்குப் பெயரில்லை, பிள்ளை இருந்ததா என்றும் இல்லை. இருந்திருந்தால் ஓர் ஆயாவின் இடுப்பில் இருந்திருக்கும். அக்காலத்துத் துரைசானிகளின் மாலைகள் அப்படித்தான் கிடைத்தன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா இளைப்பாறிக்கொண்டிருந்தார். "எத்தன மாசம்?" என்றார். எட்டு என்றேன். "காத நல்லா மூடு கண்ணு." எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. அவருடைய மூன்று பிள்ளைகளும் தோட்டத்துத் தூளியில் வளர்ந்தவர்கள். நீங்க இங்க வந்து உக்காந்து பாப்பீங்களா என்று கேட்டேன். "வெளக்குப் போட்டப்புறம் சேலம் ரொம்ப நல்லாருக்கும்னு வர்றவங்க சொல்வாங்க. எனக்கு அந்நேரம் அடுப்புல வேல" என்றார். கட்டைத் தூக்கிவிடச் சொன்னார். கணவர் குழந்தையை வைத்திருந்தார், நான்தான் தூக்கிவிட்டேன்.