ஆடி நீங்கிய பின்

ஒரு பொருளைக் கருவியின் வழியே காண்பவன் அந்தப் பொருளையே காண்கிறானா, அல்லது கருவி ஆக்கித் தரும் அதன் சாயலைத்தான் காண்கிறானா என்ற கேள்வி நம் நாட்டுத் தரிசனங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வந்த ஒன்று. ஏட்டுச் சுவடிகளோடு முடிந்துபோன வாதம் என்று நாம் எண்ணியிருந்த அது, கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் ஒரு சிறு யந்திரத்தின் வடிவில் மறுபடியும் நம் கண்முன் வந்து நிற்கிறது. மிரர்லெஸ் கேமராவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் எடையையும் வேகத்தையும் விலையையும் பேசுகிறார்கள். அவை பேசத் தக்கவையே. ஆயினும், படத்தை விற்றுப் பிழைக்கும் அவசியமின்றி, காண்பதில் உள்ள ஆனந்தத்தின் பொருட்டே கேமராவைக் கையில் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, அதிலிருந்து நீக்கப்பட்ட அந்தச் சிறு ஆடிதான் முதன்மையான விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸின் வழியே புகுந்த ஒளி, சாய்வாக நின்ற ஆடியில் பட்டு மேலே எழுந்து, ஐங்கோணப் பட்டகத்தில் திரும்பி, நம் கண்ணை வந்து அடையும். மலையில் பட்டு மீண்ட ஒளி எதுவோ அதுவே நம் விழிக்குள்ளும் புகுந்தது. வழி வளைந்ததே அன்றி வந்த பொருள் மாறவில்லை. 2008ஆம் ஆண்டில் பானாசோனிக் நிறுவனம் லூமிக்ஸ் ஜி1 என்ற கேமராவை வெளியிட்டு இந்த ஆடியை எடுத்தெறிந்தது. 2013இல் சோனியின் ஏ7 முழுச்சட்டச் சென்சாரோடு வந்தது. 2018இல் நிக்கானும் கேனானும் அதே வழியில் முழுச்சட்டக் கேமராக்களைக் கொண்டுவந்தன. இன்று கடைக்குப் போய்ப் புதிய கேமரா கேட்பவனுக்குப் பெரும்பாலும் ஆடியில்லாத கேமராவே கையில் கொடுக்கப்படுகிறது. அதன் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது மலையின் ஒளி நம்மை வந்து சேர்வதில்லை. ஒளி சென்சாரில் விழுந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அது மின்னாக மாறி, எண்ணாக மாறி, கணிக்கப்பட்டு, விரல்நகத்தளவு திரை ஒன்றில் மீண்டும் ஒளியாகப் பிறக்கிறது. நாம் காண்பது அந்தப் புனர்ஜன்மத்தையே.

பௌத்த தரிசனங்களை அறிந்தவர்களுக்கு இந்த இடம் புதிதன்று. புறப்பொருள் நேரே பிரத்தியட்சமாகிறது என்றனர் வைபாடிகர். பொருள் அறிவில் பதிக்கும் ஆகாரமே நேரே அறியப்படுவது, பொருளோ அதைக் கொண்டு அனுமானிக்கப்படுவது என்றனர் சௌத்திராந்திகர். ஆகாரமே போதும், புறத்தே பொருள் என ஒன்று வேண்டா என்று இன்னும் ஒரு படி சென்றனர் யோகாசாரர். எஸ்.எல்.ஆர். கேமரா வைபாடிகரின் பக்கம் நிற்கிறது என்றும், மிரர்லெஸ் கேமரா சௌத்திராந்திகரின் பக்கம் நிற்கிறது என்றும் ஒருவர் சொன்னால் அதில் வலிந்து பொருத்தியது ஒன்றுமில்லை. எந்த மலையின் ஒளியும் படாமலே கணிப்பொறி மலையின் படத்தை ஆக்கித் தரும் இந்நாளில் யோகாசாரருக்கும் ஒரு சாதனம் கிடைத்துவிட்டது; அது வேறொரு கட்டுரைக்கு உரிய விஷயம்.

இந்தப் பௌத்தப் பிரிவினரின் கொள்கைகளைச் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் எடுத்துவைத்து மறுத்தவர் அருணந்தி சிவாச்சாரியார். அவர் நின்ற சித்தாந்த நெறியிலிருந்து நான் பெற்றுக்கொண்ட தெளிவு இது: கண் தானே காண்பதில்லை, உயிர் கண்ணில்லாமல் காண்பதில்லை, கண்ணும் உயிரும் கூடி நின்றாலும், காட்டுவதற்கு ஓர் ஒளியும், உடன்நின்று காண்பதற்கு ஒரு துணையும் இல்லாமல் காட்சி நிகழ்வதில்லை. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று அதை இரண்டாகச் சொல்வார்கள். இந்த நெறிப்படி, நம் ஊனக்கண்ணே ஒரு கருவியாக இருக்கும்போது, அதன் முன்னே இன்னொரு கருவியை வைத்ததனால் மட்டும் காட்சி பொய்யாகிவிடாது. மேலும், வியூஃபைண்டரின் திரையில் தோன்றும் மலை ஒவ்வொரு நொடியும் புறத்தே உள்ள மலையைச் சார்ந்தே தோன்றுகிறது. லென்ஸின் முன்னே கையை வைத்து மறைத்தால் அக்கணமே அது மறைந்துபோகிறது. தன் பொருளின்றித் தான் நில்லாத சாயலைப் பொய் என்று தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆடியிருந்த கேமராவையே மெய்க்காட்சியின் உறைவிடமாகக் கருதி அதை விட மறுக்கும் நண்பர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். ஷட்டர் திறக்கும் கணத்தில் அந்த ஆடி மேலே எழுந்து ஒளியைப் பின்னே விட்டாக வேண்டும். ஆகவே அந்தக் கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ தேசங்களில், அந்தக் கேமராவால் படம் எடுத்த ஒவ்வொருவரும், தாம் கைப்பற்றிய கணம் எதுவோ அந்த ஒன்றை மட்டும் அதன் வழியே காணாமலே இருந்தார்கள். அதற்கு முந்திய கணத்தைக் கண்டார்கள், பிந்திய கணத்தைக் கண்டார்கள். படத்தில் பதிந்த கணம் அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2017இல் சோனி வெளியிட்ட ஏ9 போன்ற கேமராக்களில் நொடிக்கு 20 படம் எடுத்தாலும் காட்சி இருளாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆடி இருந்தவரை பொருளின் ஒளி கிடைத்தது, கணம் கிடைக்கவில்லை. ஆடி நீங்கிய பின் கணம் கிடைத்தது, பொருளின் ஒளி கிடைக்கவில்லை. மனிதன் செய்த கருவியில் குறை எங்கேனும் ஓரிடத்தில் நின்றே தீர்கிறது.

ஆனால் மிரர்லெஸ் வியூஃபைண்டரில் வேறு ஓர் அபாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஒளிப்பதிவின் அளவை மாற்றும் வட்டைத் திருப்பினால் உலகமே வெளுக்கிறது அல்லது கறுக்கிறது. வெண்மைச் சமன் அமைப்பை மாற்றினால், எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளி குழல்விளக்கின் வெள்ளொளிபோல் ஆகிறது. கறுப்பு வெள்ளை அமைப்பைத் தேர்ந்தால் வண்ணப் புடவை கட்டிய கூட்டம் முழுவதும் சாம்பல் நிறத்தில் நடமாடுகிறது. இருண்ட மண்டபத்தில், தூண்களுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத யாளியையும் அது பிரகாசப்படுத்திக் காட்டுகிறது. அதிலிருந்து கண்ணை எடுத்தால், இருளுக்குப் பழகியிருந்த விழி அந்தப் பழக்கத்தை இழந்து சிறிது நேரம் தடுமாறுகிறது. மனம் தன் வாசனைகளின்படியே உலகத்தைக் காண்கிறது என்று பெரியோர் சொல்லியதை இவ்வளவு பச்சையாக விளக்கிக் காட்டும் சாதனத்தை நான் வேறு அறியேன். நம் விருப்பத்தை முதலில் அமைத்துக்கொண்டு, பிறகு அந்த விருப்பத்தின் நிறத்தில் உலகத்தைப் பார்த்து, அதை உலகம் என்று நம்பிவிடுகிறோம். ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 2011இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்100 கேமராவில் முன்பக்கம் ஒரு சிறு நெம்பு உண்டு. அதைத் தள்ளினால் மின்திரை விலகி, கண்ணாடிச் சாளரத்தின் வழியே புற உலகம் நேரே தெரியும். மறுபடி தள்ளினால் திரை வரும். இரண்டு தரிசனங்களையும் ஒரே கூட்டில் வைத்த அந்தச் சிற்பியை நான் மனமார வணங்குகிறேன்.

இனி, தேர்ந்தெடுப்பது பற்றி. உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது என்பது சித்தாந்திகள் துணிந்த உண்மை. பளிங்கு தன் அருகில் உள்ள பூவின் நிறத்தைக் கொள்வதை அதற்கு எடுத்துக்காட்டுவார்கள். கருவியைச் சார்ந்தவன் கருவியின் வண்ணமாகிறான். அவனோடு பேசினால் மெகாபிக்சலும், பின்புல மங்கலும், அடுத்த மாதம் வரப்போகும் புதிய மாடலும்தான் பேச்சு. ஏரியும் பறவையும் அவனுக்கு லென்ஸின் கூர்மையைச் சோதிக்கும் பலகைகளாகக் குறுகிவிடுகின்றன. காட்சியைச் சார்ந்தவனோ கேமராவின் பெயரைக் கேட்டால் ஒரு கணம் யோசித்தே சொல்கிறான். பதஞ்சலி முனிவர் இயமங்கள் ஐந்தில் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைத்தார். வள்ளுவர் அவாவறுத்தலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அவர்கள் பொருளையே வைத்துக்கொள்ளாதே என்று இல்லறத்தானுக்குச் சொன்னதாக நான் கொள்ளவில்லை. எந்தப் பொருள் நம் கவனத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்கிறதோ, அது ஒன்றேயானாலும் மிகை. எது கவனத்தைக் காட்சியின்மேல் செல்லவிடுகிறதோ, அது சில பொருள்களாக இருந்தாலும் அளவே.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கடைக்காரரின் கணக்குகள் வேறு பொருள் தருகின்றன. முழுச்சட்டச் சென்சார் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறிய வகைச் சென்சார் 17.3க்கு 13, பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பெரியது இருளில் மிகுதியான ஒளியைச் சேர்க்கும் என்பது மெய். ஆடி போனதனால் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே இருந்த தூரம், நிக்கானில் 46.5 மி.மீட்டரிலிருந்து 16 மி.மீட்டராகக் குறைந்தது, கேமராவும் மெலிந்தது. ஆனால் லென்ஸின் பருமன் பெரும்பாலும் சென்சாரின் அளவையும், லென்ஸ் உள்ளே விடும் ஒளியின் அளவையும் பொறுத்தது. ஆடி இருந்ததா இல்லையா என்பதை அது அதிகம் பொருட்படுத்துவதில்லை. மெலிந்த கேமராவை வாங்கி, அதன் முன்னே ஒன்றரைக் கிலோ எடையுள்ள லென்ஸைப் பூட்டியவன் எந்தச் சுமையைக் குறைத்தான்? திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அந்தப் பாதையில் தோளில் கனக்கும் பையோடு நடப்பவனுக்குப் பாதி வழியில் மலை மறந்து தோள்தான் நினைவில் நிற்கும். சுமை என்பது உடம்பை வருத்துவதோடு நில்லாமல், சித்தத்தையும் தன்பால் இழுத்துக்கொள்வதால்தான் அதை நான் ஆன்மிக விஷயமாகவே கருதுகிறேன்.

அந்த மலையடிவாரத்துக்கு 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். ஆன்ரி கார்ட்டியே பிரெசோன் என்ற அவர், உலகம் அறிந்த படக்கலைஞர். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்தவர். அவர் விரும்பிக் கையாண்டது சிறிய லைக்கா கேமரா. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே அதில் இருந்தது. அந்தக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னே ஆடி கிடையாது. அதன் சாளரம் லென்ஸின் வழியைச் சாராமல் தனியே நின்று காட்சியைக் காட்டியது. ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் அவரைப் படம் எடுத்த அந்தக் கலைஞர், ஏப்ரல் 14ஆம் தேதி இரவு மகரிஷி மறைந்த வேளையில் வானில் ஓர் எரிநட்சத்திரம் மெல்லச் செல்வதைத் தாம் கண்டதாகத் தெரிவித்திருக்கிறார். அதே மாதத்தில் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரையும் அவர் படம் எடுத்தார். இரண்டு மகான்களின் சந்நிதிக்கும் அவர் கொண்டுசென்றது ஒரு கைப்பிடியளவுப் பொருளே என்பதை, எதை வாங்குவது என்று மயங்கும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. மகரிஷியோ, ‘திருக் திருசிய விவேகம்’ என்ற வேதாந்த நூலைத் தமிழில் ஆக்கியவர். உருவம் காணப்படுவது, கண் காண்பது. கண்ணும் காணப்படுவதாகும்போது மனம் காண்பது. மனமும் காணப்படுவதாகும்போது எஞ்சி நிற்கும் சாட்சி எதுவோ அது ஒருபோதும் காணப்படுவதில்லை என்பது அந்நூலின் வழி. கேமரா இந்த வரிசையில் கண்ணுக்கும் உருவத்துக்கும் இடையே புகுந்த ஒன்று. அது எவ்வளவு உயர்ந்ததானாலும் காணப்படும் பக்கத்திலேதான் அதற்கு இடம்.

கருவறையின் முன்னே கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்ற விதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அங்கே நாம் காண்பது பாதி. நாம் காணப்படுவது மறுபாதி. லென்ஸுக்குப் பின்னே ஒளிந்துகொண்டவன் அந்த மறுபாதியைத் தானே மறுத்துக்கொள்கிறான்.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்கவைப்பது அண்மைக் காலத்தில் வந்த ஒரு வசதி. ஒலிம்பஸ் நிறுவனம் 2016இல் அறிமுகம் செய்த ஓம்-டி இ-எம்1 மார்க் 2 கேமராவில், பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் அது ஓயாமல் படங்களை எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். முழுவதும் அழுத்திய கணத்தில், அதற்கு முந்திய 14 படங்களையும் சேர்த்துப் பதிந்துவிடும். வேடந்தாங்கல் ஏரியில் கூழைக்கடா சிறகை விரித்து எழும்பும் நொடியை மனித விரல் எட்ட முடியாது. நாம் கண்டு, சங்கற்பித்து, அழுத்துவதற்குள் அது மேலே போய்விடும். இந்தக் கேமராவோ நம் சங்கற்பத்துக்கு முன்னே நடந்ததையும் கையில் கொடுக்கிறது. இப்போதைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிக் கண்டு, அதன்மேல் கூர்மையை நிறுத்தியும் வைக்கின்றன. இங்கே கர்த்தா யார்? கீதையில் பகவான் அருச்சுனனை வெறும் கருவியாக மட்டும் நிற்கச் சொன்னார். செய்விப்பவன் இறைவன், நிமித்தம் மனிதன். இங்கேயோ செய்வது கருவி, அதற்கு நிமித்தமாக நிற்பது மனிதன் என்றாகிவிட்டது. அகந்தை ஒழிந்தது என்று இதைக் கொண்டாட என்னால் முடியவில்லை. ஏனெனில், செய்யாதவனும் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வதற்கே இதில் இடம் அதிகம்.

மனிதனுக்கு எஞ்சியிருப்பது எது என்று யோசித்தால், விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்வது, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்து நிற்குமிடம் தேர்வது, காத்திருப்பது, பிறகு வீட்டில் அமர்ந்து அந்தப் 14இல் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவது ஆகியவையே. முன்னே கண்ணுக்கு இருந்த பொறுப்பு இப்போது விவேகத்துக்கு மாறியிருக்கிறது. அதுவும் ஓர் அப்பியாசமே என்று ஏற்று, பறவைகளுக்கு அந்த வசதியை நான் பயன்படுத்துகிறேன். மனிதர்களைப் படம் எடுக்கும்போது அதை அடைத்துவிடுகிறேன். தெருவோரத்தில் பூக்கட்டும் அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்த கணத்துக்கு அவருடைய சம்மதம் உண்டு; தலையசைப்பதற்கு முந்திய கணங்களுக்கு இல்லை. பறவைப் படங்களை யார் எடுத்தது என்று கேட்பவர்களுக்கு, ஏரியின் பெயரையும் கேமராவின் பெயரையும் முதலில் சொல்லி, என் பெயரை அவற்றுக்குப் பின்னே சொல்கிறேன்.