குப்பியின் சாட்சியம்

ஒருமுறை குற்றம் புரிந்தவனுடைய சொல் அதன்பின் என்றைக்கும் மதிப்பிழந்து விடுமா? அமெரிக்க நாட்டு நடைமுறை ஒன்று நம்மை இவ்வாறு கேட்க வைக்கிறது.

அங்கே மைய அரசின் ஊழியர் பலருக்கும், லாரி ஓட்டுநர், விமானி போன்றோருக்கும் போதைப்பொருள் சோதனை உண்டு. சிறுநீரில் மார்ஃபின் தென்பட்டால் அச்செய்தி நேரே முதலாளியிடம் போய்விடுவதில்லை. முடிவுகளைப் பரிசீலிக்கவென்றே பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இடையில் இருக்கிறார். அவர் ஊழியரை அழைத்துப் பேசி, என்ன மருந்து உண்டார், யார் எழுதித் தந்தது என்று வினவுகிறார். தக்க காரணம் இருப்பின் 'இல்லை' என்றே அறிவிக்கிறார். 1988-ஆம் ஆண்டின் அரசு நெறிமுறைகள் வகுத்த ஏற்பாடு இது.

நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா அபினிச் செடியின் விதைதான். அதைத் தூவிய ரொட்டியைத் தின்றவரின் சிறுநீரிலும் மார்ஃபின் தென்படக்கூடும். இதை உணர்ந்தே 1998-இல் ஊழியர் சோதனையின் வரம்பை மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தினர்.

ஆனால் சிறைக்குப் பதிலாக நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடப்பட்டவருக்கு இந்த மருத்துவர் கட்டாயமில்லை. பல ஊர்களில் அலுவலரே குப்பியில் தோன்றும் கோட்டைப் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறார். வேலையை இழக்கக் கூடியவருக்கு மருத்துவர். விடுதலையையே இழக்கக் கூடியவருக்கு ஒரு சோதனைப் பட்டை! மைய நீதிமன்றங்களுக்கான சட்டத்தில், சிறைவாசம் நேரக்கூடிய நிலையில் அவர் முடிவை மறுத்தால் நுட்பமான மறுசோதனைக்கு இடமுண்டு. எனினும் மார்ஃபின் இருந்ததைத்தான் கருவி உறுதி செய்யும். அது மருந்துச் சீட்டின்படி வந்ததா, களவாக வந்ததா என்பதை ஒரு மனிதர்தான் கேட்டறிய வேண்டும்.

பொய்யரையும் நம்பச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பர். நம்பச் சொல்லவில்லை, விசாரிக்கவே சொல்கிறோம். மருந்துச் சீட்டு உண்மையா என்பதை மருந்துக் கடையில் கேட்டால் தெரிந்துவிடும். பொய்யனும் அங்கேயே அகப்படுவான். செலவு மிகும் என்பது மெய்தான். ஆயினும் சிறையில் ஓராண்டு சோறு போடுவதும் இலவசமன்றே!

நியூயார்க்கில் கண்காணிப்பிலிருந்த ஒருவர், உரிய அளவினும் தாழ்ந்த வரம்பை வைத்துத் தம் உமிழ்நீரில் கஞ்சா இருந்ததாக அறிவித்தார்கள் என்று சோதனைக்கூடத்தின்மீது வழக்குத் தொடுத்தார். தமக்குப் பணம் தரும் அலுவலகத்துக்கே தாம் கடமைப்பட்டவர் எனக் கூடத்தார் வாதிட்டனர். சோதிக்கப்படுபவருக்கும் கடமைப்பட்டவரே என்று அம்மாநிலத்தின் உச்ச மன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. சரியாக அளக்கும் கடமை இவ்வாறு நிலைபெற்றது. அவரைக் கூப்பிட்டுக் கேட்கும் கடமை யாருடையது என்பது அவ்வழக்கில் எழவேயில்லை.