பார்ப்பார் இல்லாத நேரத்து அருவி



உங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு குளம் கட்டி, அதன் ஒரு பக்கம் கல்லடுக்கி, அருவி ஒன்றும் விழச் செய்தால் எப்படியிருக்கும் என்று எண்ணியதுண்டா? நான் எண்ணினேன், செய்தும் பார்த்தேன். அதில் நான் செய்த பிழை ஒரு கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றது. அதை இன்று உங்கள்முன் வைக்கிறேன். நம் மகிழ்ச்சிக்காக ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவந்தபின், நாம் மகிழும் நேரத்துக்கு மட்டுந்தானா அதற்கு நாம் பொறுப்பு?

முதலில் குளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 7 அடி நீளம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ஏறக்குறைய 1,000 லிட்டர் கொள்ளும். செங்கல் வைத்துச் சிமெண்டு பூசினோம். புதுச் சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் மீனுக்கு ஆகாது. ஆகவே பலமுறை நீர் நிரப்பி, ஊறவைத்து, இறைத்துவிட்டோம். அதன் பின்னும் மீன்களையெல்லாம் ஒரே நாளில் விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறி, அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். ஆகையால் முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டுப் பொறுத்திருந்தோம். பிறகே மற்றவற்றை விட்டோம்.

20 வாட் பம்பு ஒன்று நீரை மேலே ஏற்ற, அது கற்களின்மேல் சலசலவென்று விழுந்தது. மாலையில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுத்த வீட்டார் வந்து பார்த்துப் புகழ்ந்தார்கள். எனக்கோ உள்ளம் பூரித்தது. ஆனால் இரவில் எல்லாரும் படுக்கப் போனதும் பம்பை நிறுத்திவிடுவேன். பார்க்க ஆளில்லாதபோது அருவி எதற்கு, மின்சாரம் வீண்தானே என்பது என் கணக்கு.

கோடைக்காலத்தில் ஒரு விடியற்காலை குளத்தருகே போனேன். மீன்களெல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பெரிய மீன்கள் மூன்று செத்து மிதந்தன.

காரணம் என்ன? செடிகள் வெயிலில்தான் பிராணவாயுவை வெளிவிடுகின்றன, இருளில் அவையும் காற்றைக் கெடுக்கின்றன என்று யான் இங்கென்ஹவுஸ் என்னும் மருத்துவர் 1779-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். குளத்துப் பாசிக்கும் அதுவே விதி. இரவு முழுதும் பாசியும் மீனும் நுண்ணுயிர்களும் நீரில் கரைந்த பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. விடியுமுன் அது மிகவும் குறைந்துவிடுகிறது. வெப்பமோ இதை இன்னும் மோசமாக்குகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும்; 30 டிகிரியில் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமே. விழுந்து சிதறும் அருவிதான் காற்றை நீரில் கலக்கிறது. நமக்கு அது காட்சி. மீனுக்கு அது மூச்சு. எந்த நேரத்தில் அருவி வேண்டாம் என்று நான் நிறுத்தினேனோ, அந்த நேரத்தில்தான் அது மீனுக்கு இன்றியமையாதது!

இரவில் 8 மணி நேரம் பம்பை நிறுத்தி நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு தெரியுமா? மாதம் ஒன்றுக்கு 5 யூனிட் கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் குழம்பு வைக்கிறீர், மூன்று மீனுக்காக இவ்வளவு வருத்தமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உணவுக்காக மீன் பிடிப்பது வேறு. காப்பதாகக் கொண்டுவந்து அசட்டையால் சாகவிடுவது வேறு. ஆற்று மீனுக்கு நீர் கலங்கினால் வேறிடம் உண்டு, நம்மை நம்பி அது இல்லை. குளத்து மீனுக்கோ வேறு வழிகளையெல்லாம் அடைத்தவர்கள் நாமே. அடைத்தவன் கைதான் திறந்து கொடுக்கவும் வேண்டும். அதன் உயிர் சிறிதாயிருப்பதால் நம் கடமை இல்லாமற் போய்விடாது.

அதன்பின் குளத்தைத் திருத்தினோம். பம்பு இப்போது இரவும் பகலும் ஓடுகிறது. நீர் நன்றாய்ச் சிதறும்படி அருவியை மூன்று படிகளாக்கினோம். மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம். நிழலுக்கு அல்லி வைத்தோம். வடிகட்டியைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதில்லை, அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். குளத்து நீரிலேயே அலசுகிறோம். தவழும் குழந்தை வரும் வீடாகையால் சுற்றிலும் கம்பி வேலி போட்டோம். அழகு சற்றுக் குறைந்ததுதான், குறையட்டும். இரவில் மின்சாரம் நின்றால் யாராவது ஒருவர் எழுந்துபோய், வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறோம். அதைப் புகழ ஒருவரும் வருவதில்லை.

அன்பரே, பிரமாணிக்கம் என்பது இதுவே அன்றோ? விருந்தினர் முன்னிலையில் வயதான தாயாரை அன்போடு விசாரிக்கிறோம். நள்ளிரவில் அவர் இருமும்போது எழுந்து வெந்நீர் கொடுக்கிறோமா? பிறர் கேட்க வேலைக்காரரைத் தயவாக அழைக்கிறோம். அவர் நோயாய்ப் படுத்த நாளில் தேடிப் போகிறோமா? நம்மை நம்பியிருப்பவர்களுக்கு நம் அன்பு மிகவும் தேவைப்படும் நேரம் பெரும்பாலும் ஒருவரும் பார்க்காத நேரமாகவே இருக்கிறது.

குளம் கட்ட ஆசைப்படுகிறீர்களா? தாராளமாய்க் கட்டுங்கள். ஆனால் முதற் கல்லை வைக்குமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த அருவியை இரவிலும் விழ விடுவேனா?