விளக்கும் குடமும்

1982 டிசம்பர் 22ஆம் தேதி இலங்கை வாக்காளர்களின் கையில் ஒரு வாக்குச்சீட்டு தரப்பட்டது. அதில் வேட்பாளர் பெயரும் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை. விளக்கு, குடம் என்று இரண்டே சின்னங்கள். விளக்குக்குப் புள்ளடி போட்டால், பொதுத்தேர்தல் இல்லாமலே அப்போதைய நாடாளுமன்றம் மேலும் ஆறு ஆண்டு நீடிக்கும். குடத்துக்குப் போட்டால் வழக்கம்போலத் தேர்தல் வரும். வாக்குரிமையைத் தள்ளிவைக்க வாக்காளர்களிடமே வாக்குக் கேட்டார்கள். 54.66 சதவீதம் பேர் விளக்கைத் தேர்ந்ததாக முடிவு வந்தது. யாழ்ப்பாண மாவட்டம் குடத்தின் பக்கம் நின்றது.

ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தன இதை நடத்தியதற்குக் காரணம் ஒரு கணக்கு. 1977இல் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்திருந்தது. அது பழைய தொகுதி முறையில் கிடைத்த வெற்றி. புதிய அரசியலமைப்பின் விகிதாசார முறையில் தேர்தல் வந்தால் அந்த ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை மிஞ்சாது. அதனால் பெரும்பான்மையைக் காப்பாற்றத் தேர்தலைக் கைவிட்டார். 1977 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்த மக்களுக்கு அடுத்த வாய்ப்பு 1989 பிப்ரவரியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான் தீவின் வடக்கும் தெற்கும் ஒருசேர எரிந்தன.

அரசை மாற்ற வாக்கா, புரட்சியா? இந்தக் கேள்வியை எப்போதும் ஆயுதம் எடுத்தவனிடமே கேட்கிறார்கள். ஏன் பொறுமை இல்லை, ஏன் சட்டத்தை நம்பவில்லை என்று அவனை விசாரிக்கிறார்கள். வாக்குப்பெட்டியைப் பூட்டியவனிடமும் அதே கடுமையோடு கேட்டால்தான் அறம் பற்றிய இந்த விசாரணை நேர்மையாகும். இலங்கையின் வரலாறு இரண்டு பேரையும் கூண்டில் ஏற்றுகிறது.

முதலில் ஆயுதம் எடுத்தவர்கள். மாஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போன ரோஹண விஜேவீர, 1965இல் மக்கள் விடுதலை முன்னணியைத் தொடங்கினார். படித்தும் வேலை கிடைக்காத சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர் ரகசியமாக நடத்திய ஐந்து வகுப்புகள்தான் இயக்கத்தின் அடித்தளம். அவற்றில் ஒன்று இந்திய விரிவாதிக்கத்தைப் பற்றியது. இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளரையும் அது சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணியை ஆதரித்த அதே இயக்கம், ஓராண்டு முடிவதற்குள், 1971 ஏப்ரல் 5 இரவு, நாடெங்கும் காவல் நிலையங்களைத் தாக்கியது. கையில் இருந்தவை வேட்டைத் துப்பாக்கிகளும் தாங்களே செய்த குண்டுகளும். அரசு சில வாரங்களில் கிளர்ச்சியை அடக்கியது; அடக்கிய விதம் கொடூரமானது. கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம்பெண்ணை ராணுவத்தினர் ஆடை களைந்து தெருவில் நடத்திச் சென்று சுட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

இருந்தும், 1971 கிளர்ச்சிக்கு நியாயம் இல்லை என்றே சொல்ல வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்து ஓராண்டுகூட ஆகாத அரசு அது. அதை இறக்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. 1977இல் மக்களே அந்த வழியைக் காட்டினார்கள்: சிறிமாவோவின் சுதந்திரக் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. துப்பாக்கியால் ஆகாததைப் புள்ளடி செய்தது, உயிர்ப்பலி கேட்காமல்.

முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சியை அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பிட முடியாது. 1977இல் விடுதலையான விஜேவீர, 1982 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு வாங்கினார். இயக்கம் தேர்தல் பாதைக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டே மாதத்தில் விளக்கும் குடமும் வந்தன. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, பழியை ஆதாரமில்லாமல் இடதுசாரிகள் மீது போட்டு, முன்னணியைத் தடை செய்தது அரசு.

வடக்கிலும் அதே கதை. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம், தனிநாடு கோரமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னது. எந்தக் கோரிக்கைக்காக மக்கள் வாக்களித்தார்களோ அதையே கைவிடச் சொன்ன உறுதிமொழி. கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், பதவி இழந்தார்கள். வாக்களித்து என்ன கண்டோம் என்று அப்பா அம்மாவிடம் கேட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் பதில் இல்லை.

இந்த இடத்துக்கு ஜான் லாக் சரியாகப் பொருந்துகிறார். மக்கள் பிரதிநிதிகளின் அவையை ஆட்சியாளன் தன் விருப்பத்துக்கு முடக்கினால், தேர்தலை மக்களின் ஒப்புதலின்றி மாற்றினால், அரசைக் கலைத்தவன் அவனே. கலகக்காரன் என்ற பெயரும் அவனுக்கே உரியது என்பது அவர் வாதம். இம்மானுவேல் கான்ட் இதை ஏற்கவில்லை. சட்டத்தை உடைக்கும் உரிமையைச் சட்டத்துக்குள்ளேயே வைக்க முடியாது என்றார். அவரே பிரெஞ்சுப் புரட்சியைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களின் உள்ளத்தில் எழுந்த பரிவை மனித குலத்தின் அறநாட்டத்துக்குச் சான்றாகவும் எடுத்துக்கொண்டார். இந்தத் தத்தளிப்பு அவருடைய பலவீனம் அல்ல. கேள்வியே அத்தனை கடினமானது.

பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு இலங்கை. அந்தப் பௌத்தம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சூத்திரத்தில் முதல் அரசன் வானத்திலிருந்து இறங்கவில்லை. திருட்டும் சண்டையும் பெருகியபோது மக்கள் கூடி, தங்களில் ஒருவரைத் தேர்ந்து, தம் நெல்லில் ஒரு பங்கு தருவதாக ஒப்புக்கொண்டார்கள். மகாசம்மதன் என்ற அவன் பெயருக்கே பலரின் சம்மதம் பெற்றவன் என்று பொருள். கூடதந்த சூத்திரம் இன்னும் ஒரு படி போகிறது. நாட்டில் கொள்ளையும் கலகமும் மிகுந்தபோது, கொன்றும் சிறையிட்டும் அடக்காதே, எஞ்சியவர்கள் மறுபடி வருவார்கள் என்று அரசனுக்குப் புரோகிதர் சொல்கிறார். உழவனுக்கு விதையும் தீவனமும், வணிகனுக்கு முதலும், ஊழியனுக்குக் கூலியும் கொடு என்கிறார். 1971இல் வேலையில்லா இளைஞர்களைச் சுட்ட அரசு, தன் மதம் சொன்ன இந்த வழியைப் பார்க்கவே இல்லை.

ஆக, 1983க்குப் பின் தெற்கிலும் வடக்கிலும் ஆயுதம் எடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் எடுத்த ஆயுதம் எங்கே திரும்பியது? 1988 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் போவோரைக் கொல்வோம் என்று முன்னணி மிரட்டியது. 1982இல் 81 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 55ஆக விழுந்தது. வடக்கில், வாக்கால் வந்த தலைவரான அமிர்தலிங்கத்தை 1989 ஜூலையில் கொழும்பில் வைத்து விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் செய்தபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 சதவீதம். ஜெயவர்தன பூட்டிய பெட்டியை உடைத்துத் திறப்பதாகச் சொன்னவர்கள், அதற்கு இன்னொரு பூட்டுப் போட்டார்கள். புரட்சிக்கு எதிரான மிக வலுவான வாதம் இதுதான். தவறான ஆட்சியைத் தேர்ந்துவிட்டால் அடுத்த தேர்தலில் இறக்கலாம். தவறான புரட்சியை இறக்க மக்களிடம் எந்தச் சீட்டும் இல்லை. தெற்கில் இரண்டாம் கிளர்ச்சியும் அதன் ஒடுக்குமுறையும் சேர்ந்து பல்லாயிரம் பேரைக் கொன்றன. விஜேவீரவும் 1989 நவம்பரில், பிடிபட்ட மறுநாளே, விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததே. முன்னணி 1994இல் ஒரே ஓர் இடத்தோடு நாடாளுமன்றத்துக்குத் திரும்பியது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 சதவீதம். 2022இல் எரிபொருளும் மருந்தும் இல்லாமல் நாடு திவாலானபோது, காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு அமர்ந்த மக்கள் ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார். வாக்கு அல்ல அது. ஆயுதப் புரட்சியும் அல்ல. தேர்தல் வரும்வரை காத்திருக்க முடியாத மக்கள், அரசியலமைப்பைத் தூக்கியெறியாமல் ஆளை மட்டும் இறக்கினார்கள். 2024இல் முறைப்படி தேர்தல் வந்தபோது, அநுர 42.31 சதவீதத்தோடு முன்னிலை பெற்று, விருப்பு வாக்கு எண்ணிக்கைக்குப் பின் ஜனாதிபதியானார். நவம்பரில், முன்னணி தலைமையிலான அவருடைய தேசிய மக்கள் சக்தி கூட்டணி 225இல் 159 இடங்களைப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று.

இரண்டு கிளர்ச்சிகளில் தன் தோழர்களை இழந்தும், பிறரைக் கொன்றும், கடைசியில் வாக்கால் ஆட்சிக்கு வந்த இயக்கம் இது. பூட்டிய பெட்டி என்ன செய்யும் என்பதை இதைவிட நன்றாக அறிந்த கட்சி அந்நாட்டில் இல்லை. அதனால் அதனிடம் ஒன்று கேட்கலாம். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் ஒரே ஒரு தேர்தல் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறைத் திருத்தம், எல்லை நிர்ணயம் என்று காரணங்கள் வந்தன. ஏழு ஆண்டு கடந்தும் வடக்கில் மட்டுமல்ல, எந்த மாகாணத்திலும் தேர்தல் வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இப்போது கையில் இருக்கிறது. அந்தத் தேர்தலை நடத்துங்கள்.