நிழலும் நடுநிலையும்

அன்பர் சிலர் உவகை கருதி நடாத்திய ஒளிப்படப் போட்டிக்கு நீர்நிழல் பொருளாயிற்று, யாம் நடுவராயினேம். விளையாட்டேயன்றோ, நண்பர்பாற் சிறிது சாய்தல் குற்றமாமோ எனின், குற்றமேயாம்.

தில்லைச் சிவகங்கைத் தீர்த்தத்தில் தோன்றும் கோபுரநிழல் வெறுந் தலைகீழ்ப்படியன்று. நீர்மட்டத்திற்கு மேல் நங்கண் எத்துணை உயரத்ததோ, அத்துணை ஆழத்தினின்று மேனோக்கினாற் காணுந் தோற்றமே அது. அங்ஙனம் நேர்நோக்கிற் புலனாகாததைக் காட்டும் படமே சிறந்தது.

அதனைத் தெரிவார் உள்ளமோ படிகம் போன்றது. அடுத்த மலரின் நிறத்தையே தன்னிறமாகக் காட்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தமன்றோ? மலரை நீக்கினாற் படிகந் தெளியும். ஆதலின் பெயர்களை மறைப்பித்தே படங்களை நோக்கினேம்.

தகாத பரிசு பெற்றார் தங்குறை அறியார்; தக்காரோ உரியதை இழப்பர். நட்பிற்கு இடம் தீர்ப்பின் பின்னரே உளது: தோற்றார் அருகிருந்து குறையை அன்பொடு உணர்த்துதலே அது.