வினையும் நீரிழிவும்: திருச்செங்கோட்டிலிருந்து ஒரு விசாரணை

சேலம், நாமக்கல் சமவெளியில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது தெரிய வந்ததும், சுற்றத்தார் வாயிலிருந்து இருவகைத் தீர்ப்புகள் வருகின்றன. ஒரு சாரார் ‘தலையெழுத்து, வாங்கி வந்த வரம்’ என்று கூறி நோயாளியின் கையில் எதுவும் இல்லை என்கின்றனர். மற்றொரு சாரார் ‘வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா’ என்று கேட்டு, பழி முழுவதையும் அவர் தலையிலேயே சுமத்துகின்றனர். இரண்டுமே வினைக்கொள்கையை அரைகுறையாகக் கொண்டதன் விளைவுகள் என்பதை உணர, இதே வட்டாரத்தில் ஏழாம் நூற்றாண்டில் பாடப்பட்ட ஒரு பதிகம் உதவுகிறது.

இன்றைய திருச்செங்கோடான கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியதாகவும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாட அது நீங்கியதாகவும் பெரியபுராணம் கூறும். அச்சுரம் அந்நிலத்தின் இயல்பாகக் கருதப்பட்டதையும் அதன் ஆசிரியர் சேக்கிழார் குறிப்பிடத் தவறவில்லை. அப்பதிகம் வினை இல்லை என்று சொல்லவில்லை. இன்ன துன்பம் இன்ன வினையால் வந்தது என்று பேசிக்கொண்டே அதிலிருந்து மீளும் வழியைத் தேடாதிருப்பதையே அது குறையாகக் காண்கிறது. வழிபாட்டோடு கையால் செய்யும் தொண்டையும் சேர்த்தே சொல்கிறது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கும்: முற்பிறவிகளில் ஈட்டி இன்னும் பயன்தராமல் கிடப்பது சஞ்சிதம், அதில் ஒரு பகுதி இப்பிறவியில் நுகர்வதற்கென உடலாகவும் சூழலாகவும் வந்து அமைவது பிராரத்தம், அதை நுகரும்போதே புதிதாகச் சேர்வது ஆகாமியம். தலையெழுத்து என்போர் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றனர். மூன்றாவது ஒன்று உண்டு என்பதால்தான், வாய்த்த உடலைக் கொண்டு இனி என்ன செய்வது என்னும் பொறுப்பு உயிருக்கு எஞ்சுகிறது.

இந்நோயில், கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் இயக்குநீருக்குத் தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் சரிவர இணங்குவதில்லை. இதை இன்சுலின் எதிர்ப்பு என்பர். அதை ஈடுகட்ட மேலும் மேலும் சுரந்து கணையத்தின் பீட்டா செல்கள் தளர்ந்தபின், குளுக்கோஸ் இரத்தத்தில் தேங்குகிறது. மரபும், வயிற்றைச் சுற்றிய கொழுப்பும், உடலுழைப்புக் குறைவும் இதற்குக் காரணங்கள். கருவிலேயே பட்ட பட்டினியும் ஒரு காரணமாகலாம் என்பதை, 1944-45 குளிர்காலத்து நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர் நடுவயதில் குளுக்கோஸைக் கையாளும் திறன் குன்றியிருந்தது காட்டியது. தாயின் பட்டினி பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரையாகத் தெரியுமானால், அது எவருடைய வினை? 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கடுமையாக வாடிய சேலம் மாவட்டத்தில் இக்கேள்வி வெறும் தர்க்கமன்று. ஒவ்வோர் உயிரும் தன் வினைக்கேற்ற உடலையே பெறுகிறது என்பது சித்தாந்தம் தரும் விடை. அவ்விடையை ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது பொறுமை பிறக்கலாம். பிறர் நோயைச் சுட்டிச் சொல்லும்போது அது கொடுமையாகிவிடுகிறது, ஏனெனில் அடுத்தவர் பிராரத்தத்தை அளந்தறிய எவராலும் இயலாது.

நிலத்தின் இயல்பு என்று சேக்கிழார் சுட்டியதும் இங்கு எண்ணத்தக்கது. இரவெல்லாம் ஸ்டீயரிங்கின் முன் அமர்ந்து, வண்டி நின்ற இடத்தில் கிடைத்த பரோட்டாவை உண்ணும் நாமக்கல் லாரி ஓட்டுநருக்கும், பள்ளிபாளையத்து விசைத்தறியில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கும், கம்பங்களியும் ராகிக்களியும் போய் மூன்று வேளையும் அரிசியே வந்துவிட்ட வீட்டாருக்கும், வாயைக் கட்டு என்னும் அறிவுரை பாதி நியாயம்கூட ஆகாது.

சுரம் நீங்கியதுபோல் இந்நோய் நீங்கிவிடுவதில்லை. எடையை நன்கு குறைத்த சிலருக்கு மாத்திரையின்றியே இரத்தச் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பினும், கண்காணிப்பை விட முடியாது. வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்பது நோயின் எல்லை. சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஒட்டிய குளுக்கோஸை அளக்கும் எச்பிஏ1சி சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். ஆகவே மீளும் வழி என்பது இங்கு ஒருநாள் அற்புதமாக இல்லாமல் அன்றாடச் செயலாகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்துப் பத்துக் குறள்களில் ஆறு, உண்டது செரித்ததறிந்து அளவோடு உண்பதைப் பற்றியனவே. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண்களின் பணியையும், பதிகம் சொல்லும் கைத்தொண்டாகவே கொள்ளலாம்.

பக்தியும் நோயும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் நேர்த்திக்கடன். எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் தைப்பூசத்தை ஒட்டிக் காவடியோடு பழனிக்கு நடந்து சென்று, தாங்களே பஞ்சாமிர்தம் செய்து, மலைமேல் இரவு தங்கும் உரிமையுடையவர்கள். இவ்வட்டாரத்தில் வேறு பலரும் வெறுங்காலில் பழனிக்கு நடக்கின்றனர். நீண்டநாள் நீரிழிவில் பாதத்தின் நரம்புகள் பழுதுபட்டுக் கால் மரத்துப்போவதால், முள் தைத்ததும் தார்ச்சாலை சுட்டதும் தெரியாமல், கொப்புளம் புண்ணாகி, விரலையே எடுக்க நேரிடலாம். வலியைக் காணிக்கையாக்குவதே வெறுங்கால் நடையின் பொருள் என்றால், வலியை உணராத பாதத்தில் காணிக்கையாக்க வலியே இல்லை, காயம் மட்டுமே உண்டு. ஆதலால் அத்தகையவர் காலணி அணிந்து நடப்பதும், இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும், பஞ்சாமிர்தத்தை ஒரு துளி மட்டும் நாவில் இட்டுக்கொள்வதும் வேண்டுதலில் குறையாகா. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ கொள்பவர், மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொண்ட பின்னரே விரதம் இருக்க வேண்டும். வழியில் கை நடுங்கி வியர்த்தால், விரதத்தை அங்கேயே முடித்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்துவிட்டே நடையைத் தொடர வேண்டும்.